நடைத்துணை

முட்டையின் வெள்ளைக்கரு பாதி நுரைத்து எழும்பிய நேரத்தில் ஜெசிந்தாவின் இடுப்புப் பட்டை இரண்டு முறை துடித்தது. செவ்வாய்க்கிழமை காலை. தூத்துக்குடியில் எந்த பேக்கரியிலும் மக்ரூன் கலவையைப் பாதியில் விட்டுவிட்டுப் போகமாட்டார்கள். விட்டால் நுரை உட்கார்ந்துவிடும். ஆனால் ஜெசிந்தா பக்கத்து மேசைக்காரியிடம் கண்ணைக் காட்டிவிட்டு ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். முதலாளி தலையைக்கூடத் தூக்கவில்லை. நடை விடுப்பு என்பது சட்டத்தில் இருக்கிறது. முணுமுணுத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

"ஆரம்பிச்சுட்டாரு ஓட்டக்காரரு," என்றாள் அவள், யாரிடமும் இல்லாமல்.

வாசலைத் தாண்டுவதற்குள் அது வந்து சேர்ந்தது. முதலில் கெண்டைக்காலின் உள்ளே ஏதோ ஊர்ந்தது. பிறகு எலும்புக்குள் சோடாவை உடைத்து ஊற்றியது போல் ஒரு பொங்கல். அதை வலி என்று சொல்ல முடியாது. வலியாக இருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காரலாம். இது உட்காரவே விடாது. எழுந்திரு, எழுந்திரு என்று கால் முதலில் கெஞ்சும், பிறகு மிரட்டும். நடந்தால் அடங்கும், நின்றால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ஆகவே ஜெசிந்தா நடந்தாள். கால்கள் அவளுடையவைதான். அவற்றுக்குள் இருந்த தவிப்பு மட்டும் வேறொருவருடையது.

கடல்சுவரை ஒட்டி நகராட்சி போட்டிருந்த நிழற்பாதையில் அவளைப் போல இன்னும் பலர் விறுவிறுவென்று போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோர் இடுப்பிலும் அதே சாம்பல் நிறப் பட்டை. காய்கறிக்காரர்கள் கூடையை இழுத்து வைத்துக்கொண்டு, "நடையாளு வாராங்க, வழி விடுங்க," என்று மற்றவர்களை விலக்கினார்கள். சிக்னல் விழுந்த இடத்தில் ஏழெட்டுப் பேர் நின்ற இடத்திலேயே டக் டக்கென்று காலை மாற்றி மாற்றி மிதித்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க்காரர் யாராவது பார்த்தால் ஊருக்கே என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

ஊருக்கு ஆனது உண்மைதான். வெயில் வருடா வருடம் ஏறி, நிலத்தடி நீரில் உப்பும் ஏறி, இரண்டு தலைமுறையில் இந்தக் கடற்கரை முழுக்க சிறுநீரகங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. இப்போது வார்டுக்கு ஒரு ரேஷன் கடை, ஒரு பள்ளிக்கூடம், ஒரு வடிகூடம். டயாலிசிஸ் மையம் என்று பலகையில் எழுதியிருந்தாலும் எல்லோரும் சொல்வது வடிகூடம்தான். வாரத்துக்கு மூன்று நாள் போய்க் கிடந்து இரத்தத்தை வடிகட்டிக்கொண்டு வரவேண்டும்.

கிடப்பதில்தான் சிக்கல். நான்கு மணி நேரம் நாற்காலியில் கையையும் காலையும் அசைக்காமல் கிடக்கச் சொன்னால், சிறுநீரகம் போன பலருக்குக் கால் சும்மா இருப்பதில்லை. பழைய மாத்திரைகள் சில காலம் கேட்டன. பிறகு அவையே தவிப்பைக் கிளறிவிட ஆரம்பித்தன. காலை மரத்துப்போகச் செய்தால் இரத்த அழுத்தம் சரிந்தது. பொறுக்க முடியாமல் பாதியில் ஊசியை உருவச் சொல்லி ஓடியவர்கள் அழுக்கு இரத்தத்தோடு வீட்டுக்குப் போய், சில மாதங்களில் செத்துப்போனார்கள். அப்புறம்தான் நரம்பிணைப்பு வந்தது. தவிப்பை அழிக்க முடியவில்லை, இடம் மாற்ற முடிந்தது. ஒருவருடைய தண்டுவடத்திலிருந்து எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். வாங்குகிறவர் நடந்து அதைத் தீர்க்கலாம்.

ஆனால் அந்தத் தவிப்பைத் தெரிந்த உடம்புதான் அதை வாங்கும். நல்ல கால்காரர்கள் எத்தனை பேர் முன்வந்து பட்டையைக் கட்டிக்கொண்டாலும் அவர்களுக்கு ஒரு சிலிர்ப்புகூட வரவில்லை. நோயாளிக்கு நோயாளிதான் கதி. எனவே நடைச் சங்கிலி என்று ஓர் இலாகாவே உண்டாயிற்று. ஜெசிந்தாவுக்குத் திங்கள், புதன், வெள்ளி. அன்றைக்கு அவள் படுத்திருப்பாள், அவளுடைய துணை அவளுக்காக நடப்பார். செவ்வாய், வியாழன், சனி அவர் படுத்திருப்பார், அவள் நடப்பாள். யார் என்று தெரியாது. ஆணா பெண்ணா, எந்த ஊர் என்றுகூடச் சொல்லமாட்டார்கள். ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார்களாம். பாதிப் பேர் சண்டை போட்டுக்கொண்டார்கள், சிலர் கல்யாணம் செய்துகொண்டார்கள். இரண்டிலும் இலாகாவுக்குத் தலைவலி மிச்சம்.

இந்தத் தவிப்பின் வேகத்தைப் பார்த்து, துணை நெட்டையான வாலிபனாக, ஓட்டப்பந்தயக்காரனாக இருக்கவேண்டும் என்று ஜெசிந்தாவே முடிவு கட்டியிருந்தாள். இரண்டு வருடமாக அந்த ஓட்டக்காரனுக்காக வெயிலில் தேய்ந்தாள். செருப்புகள் தேய்ந்தன. அவள் குறை சொன்னதில்லை, ஏனென்றால் அவனும் ஒழுங்காக நடந்தான். அவள் நாற்காலியில் சாய்ந்தால் குழந்தைபோல் தூங்குவாள். அதற்கு முன்பு தூக்கத்தில் அவள் விட்ட உதைகளுக்குப் பயந்து வேறு அறைக்குக் குடிபோயிருந்த புருஷன் அமல்ராஜ்கூட, வடிகூடத்திலாவது தூங்குகிறாளே என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினான்.

மூன்று மாதமாகத்தான் கோளாறு. கடைசி அரை மணி நேரத்தில் தவிப்பு திரும்பி வந்தது. துணை நடந்து தீர்க்காவிட்டால் அது அங்கே தேங்கும். தேங்கி நிரம்பினால் கொடுத்தவருக்கே திரும்பும். அதாவது ஓட்டக்காரன் எங்கேயோ உட்கார்ந்துகொண்டு டிமிக்கி கொடுக்கிறான். அவள் இங்கே ஒரு நிமிடம் உட்காராமல் அவனுக்காகக் கடல்சுவரை அளக்கிறாள்! நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முறை முடிந்ததும், துணை நடந்தாரா என்று வடிகூட நாற்காலி கேட்கும், இதுவரை அவள் பதில் சொல்லாமல் எழுந்துவிடுவாள். நேற்று, திங்கட்கிழமை, முதல்முறையாக நடக்கவில்லை என்று அதனிடம் சொல்லிவிட்டாள்.

புதன்கிழமை வடிகூடத்தில் அவளுடைய நாற்காலியின் கால்தாங்கி வழக்கம்போல் மேலே மடிக்கப்பட்டுக் கிடந்தது. அதுவும் மூன்று மாதத்துக் கூத்து. ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். மாற்று நாளில் படுக்கிறவர் யாரோ, ஒவ்வொரு தடவையும் அதை மடித்துவிட்டுப் போகிறார்.

"அடுத்த ஆளு காலை நீட்டணுமேன்னு ஒரு எண்ணம் வேண்டாம்?" என்று குனிந்து இழுத்துப் போட்டாள்.

டெக்னீஷியன் வஹிதா ஜெசிந்தாவின் இடக்கையில் ஊசிகளை ஏற்றினாள். அவள் அதிகம் பேசாத பெண். ஊசி குத்துவது தெரியாமல் குத்துவாள். இயந்திரம் உருள ஆரம்பித்தது. கால்கள் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கியதுபோல் அமைதியாயின. ஜெசிந்தா தூங்கினாள்.

விழித்தபோது கால் அவளுக்கு முன்னாலேயே விழித்திருந்தது. வலது கெண்டைக்காலில் ஊர்ந்து, முழங்காலுக்கு ஏறி, இடதுக்குத் தாவியது. அவள் உதைத்தாள். நாற்காலியின் ஓரத்தில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. அசைவைக் கணக்கு வைக்கிற விளக்கு. மறுபடி உதைத்தாள். மறுபடி மஞ்சள். அரை மணி நேரம் அவள் பட்ட பாடு நாய் படாத பாடு.

முடிந்ததும் நாற்காலி தன் அரசாங்கக் குரலில் கேட்டது: "வணக்கம், ஜெசிந்தா அவர்களே. உங்கள் நடைத்துணை இன்று நடந்தாரா?"

"நடக்கவில்லை," என்றாள் கோபத்தோடு.

"பதிவு செய்யப்பட்டது. இது இரண்டாவது முறை."

வஹிதா பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "வெள்ளிக்கிழமையும் இப்பிடிச் சொன்னீங்கன்னா அவங்க சங்கிலியில இருந்து போயிருவாங்க, அக்கா. யோசிச்சுச் சொல்லுங்க."

"என்னத்த யோசிக்க? எனக்கு வேற ஆளு குடுப்பாங்கள்லா?"

"உங்களுக்குக் குடுப்பாங்க," என்றாள் வஹிதா. அவ்வளவுதான் சொன்னாள்.

வியாழக்கிழமை பட்டை துடித்ததும் ஜெசிந்தா கடல்சுவர்ப் பக்கம் போகவில்லை. முந்தைய நாள் இரவு முழுக்க ஒரு விஷயம் அவளைக் குடைந்துகொண்டிருந்தது. நடை நாட்களில் நடையாளர்கள் தங்கள் வார்டு வடிகூடத் தெருவுக்குள் வரக்கூடாது என்று ஒரு விதி உண்டு. இரண்டு வருடமாக அதை மதித்தாள், ஏன் என்று கேட்டதில்லை. துணை நாகர்கோவிலிலோ ராமநாதபுரத்திலோ இருந்தால் இந்தத் தெருவுக்குள் போனால் என்ன கெட்டுவிடும்? விதி போட்டிருக்கிறார்கள் என்றால் ஆள் உள்ளேதான் இருக்கிறான்! போய் நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கிளம்பிவிட்டாள்.

தெரு முனையிலேயே கால்கள் கொதித்தன. வடிகூடத்தின் படி ஏறியபோது நடை போதாமல் ஓட்டமாயிற்று. தண்ணீர் பாட்டிலை மறந்துவிட்டதாக வாசலில் ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு வரிசைக்குள் நுழைந்தாள். முதல் நாற்காலியில் ஒரு கிழவி தூங்கினாள். கால் சொன்னது, இது இல்லை. அடுத்தது, இல்லை. ஜன்னலோரத்தை நெருங்க நெருங்கத் தொடைவரை தீப்பிடித்தது. அது அவளுடைய நாற்காலி. கால்தாங்கி மேலே மடிக்கப்பட்டிருந்தது. அதில் அறுபது வயதை நெருங்கிய ஒருவர், நரைத்த மீசையும் அகலமான தோளுமாகச் சாய்ந்திருந்தார். மார்பிலிருந்து போர்த்தியிருந்த போர்வை முழங்கால் வரைக்கும் மேடாக வந்து, அங்கிருந்து தட்டையாக விழுந்திருந்தது.

கேட்க வந்த நாலு வார்த்தையும் வழியிலேயே நின்றுவிட்டன. கால் மட்டும் நிற்கவில்லை. நின்ற இடத்தில் மிதித்துக்கொண்டே அவரைப் பார்த்தாள்.

அவர் கண்ணைத் திறந்தார். அவளுடைய இடுப்புப் பட்டையைப் பார்த்தார், அவளுடைய கால்களைப் பார்த்தார்.

"நீங்கதானா?" என்றார்.

"நீங்கதானா, அண்ணாச்சி?" என்றாள் அவள்.

"உக்காரச் சொல்லணும். உங்களால உக்கார முடியாதுல்லா." சிரித்தார். "எம்பேரு லிங்கத்துரை. சண்டை போடத்தான் வந்திய? போடுங்க. நான் எங்கயும் ஓடிரமாட்டேன்."

"நான் உங்கள ஓட்டக்காரர்னுல்லா நெனச்சேன்," என்றாள் ஜெசிந்தா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நல்லா நெனச்சிய. முப்பது வருசம் துறைமுகத்துல கிரேன் ஓட்டுனேன். உக்காந்த எடத்துல வேலை. அப்பல்லாம் இந்தக் காலு ஒரு வார்த்தை பேசுனதில்ல. சர்க்கரையில எடது காலை எடுத்த பெறகும் கட்டைக் காலு மாட்டி, கம்பு ஊண்டி உங்களுக்காவ நடந்துக்கிட்டுதான் இருந்தேன். மாசியில இதுவும் போச்சு. புண்ணு ஆறலை."

ஜெசிந்தா நாற்காலியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நடந்தாள், திரும்பினாள், நடந்தாள். "இல்லாத கால்ல எப்பிடி அண்ணாச்சி தவிப்பு வரும்? இந்தா, எனக்கு இங்கன கெடந்து கொதிக்கே!"

"அதை எங்கிட்ட கேக்கிய. அதுகிட்ட கேளுங்க. காலு போயி மூணு மாசம் ஆச்சு, இது மட்டும் வீட்டைக் காலி பண்ணமாட்டேங்கு. தேச்சுவிடக் காலு இல்ல, தட்டிவிடக் காலு இல்ல. நீங்க நடக்கிய, அது அடங்குது. அதாம் எனக்கு உள்ள ஒரே வழி."

அவள் கேட்கப் பயந்த கேள்வி அடுத்ததாக இருந்தது. கேட்டாள். "அப்ப என் காலு? நான் படுத்திருக்கும்போது உங்களுக்கு வருதே, அதை நீங்க என்ன செய்யுதிய?"

"வச்சுக்கிடுவேன்," என்றார் லிங்கத்துரை.

"வச்சுக்கிட்டு?"

"வச்சுக்கிட்டு என்ன செய்ய? வராந்தாவுல சக்கர நாற்காலியை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருட்டுவேன். கையால உருட்டுனா கொஞ்சம் கேக்கும்." ஊசி இல்லாத கையைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்கை முழுக்கக் காப்புக் காய்த்து, நடுவில் தோல் வெடித்திருந்தது. "மூணரை மணி நேரம் புடிச்சு வச்சிருதேன். அதுக்கு மேல நம்ம கையில இல்ல, தளும்பிருது. தளும்புனது உங்களுக்குத்தான் வரும். அந்த அரை மணி நேரத்துக்கு என்னை மன்னிச்சுக்கிடுங்க, தங்கச்சி."

மன்னிப்பை அவர் கேட்டார். இதை ஜெசிந்தாவால் தாங்க முடியவில்லை. மூன்று மாதமாக அவள் இதே நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறாள். அந்த நேரத்தில் இந்த மனிதர், தன் தவிப்பே போதாதென்று அவளுடையதையும் வாங்கி, கொட்ட இடமில்லாமல் சுமந்திருக்கிறார்.

"நான் ரெண்டு தடவ நடக்கலைன்னு சொல்லிட்டேன், அண்ணாச்சி."

"தெரியும். செய்தி வந்துச்சு. நீங்க ஒண்ணும் பொய் சொல்லலியே."

"இலாகாவுக்குத் தெரியாதா உங்களுக்குக் காலு இல்லைன்னு?"

"வடிகூடம் ஒரு இலாகா, சங்கிலி ஒரு இலாகா. இவங்க கேக்கலை, அவங்க சொல்லலை. பட்டை முதுகத் தொட்டுப் பாக்கும், காலை எண்ணிப் பாக்காது." போர்வையை இழுத்து விட்டுக்கொண்டார். "நடக்காதவங்களுக்கு நடை கெடையாதுங்கது சட்டம். அது தப்புன்னும் சொல்லமாட்டேன். எல்லாரும் வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்துட்டா யாரு நடப்பா? ஆனா எனக்கு வேற வழி தெரியலை. துணை கெடைக்கதுக்கு முன்னாடி, ரெண்டு மணி நேரத்துல ஊசியை உருவுன்னு கத்துவேன். வஹிதாப் பிள்ளை கையப் புடிச்சுக் கெஞ்சும். கேக்கமாட்டேன், போயிருவேன். நெஞ்சுல தண்ணி கோத்து மூணு தடவ பெரியாஸ்பத்திரி. இன்னொரு தடவ தாங்காதுன்னுட்டாரு டாக்டரு."

ஜெசிந்தா நடந்துகொண்டே கண்ணைத் துடைத்தாள். பிறகு சட்டென்று திரும்பினாள். "நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஆனதும் பட்டையைக் கழத்திருங்க. மீதி என் காலு. நான் பாத்துக்கிடுதேன்."

"அதெப்படி? மூணரைக்குக் கொறைஞ்சு எறங்கமாட்டேன்."

"ரெண்டு."

"மூணே கால். கையில இன்னும் தோலு இருக்கு."

"ரெண்டரை. அதுக்கு மேல பேசாதிய."

மீன் ஏலத்திலேயே வளர்ந்த ஊர் அது. ஆனாலும் இப்படி ஒரு பேரத்தை அந்த ஊர் பார்த்திருக்காது. இரண்டு பேரும் தனக்குத்தான் அதிகம் வேண்டும் என்று அடம்பிடித்தார்கள், பேசிய பொருளோ மனிதன் காசு கொடுத்துத் தள்ளிவிட நினைக்கிற பொருள். கடைசியில் மூன்றில் முடிந்தது. மூன்று மணி நேரம் அவர், கடைசி ஒரு மணி நேரம் அவள்.

"இன்னொண்ணு இருக்கு," என்றார் லிங்கத்துரை. முகத்தில் சிரிப்பு போயிருந்தது. "நீங்க நடந்தாருன்னு சொன்னா மட்டும் இந்த நாற்காலி நம்பாது. உங்க காலையும் பாக்கும். நீங்க உதைச்சீங்கன்னா மஞ்ச வெளக்கு எண்ணிக்கிட்டே போகும். வாயி ஒண்ணு சொல்லி, காலு ஒண்ணு சொன்னா, எங்க வீட்டுக்கு ஆளு அனுப்பிருவான். வந்து பாத்தா முடிஞ்சுது. ஒரு மணி நேரம் முழு வேகத்துல வரும், நீங்க அசையாமக் கெடக்கணும். முடியாது, தங்கச்சி."

"நீங்க மூணு மாசமாக் கெடக்கலியா?"

"எனக்கு அசைக்க என்ன இருக்கு?" என்றார்.

வெள்ளிக்கிழமை ஜெசிந்தா தூங்கவில்லை. கால்கள் அமைதியாகத்தான் கிடந்தன. அந்த அமைதி எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரியும். ஏதோ ஒரு வராந்தாவில் சக்கரம் உருளுகிற சத்தம் காதில் கேட்பதுபோல் இருந்தது. எழுந்து போய் அந்தச் சக்கரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும்போல் இருந்தது. கைகளை மடியில் கோத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி கிடந்தாள்.

மூன்று மணி நேரம் முடிந்தது. சொன்ன சொல்லை அவர் காப்பாற்றினார்.

மெல்ல வரவில்லை, ஒரேயடியாக வந்தது. மூன்று மாதமாக அவளுக்குத் திரும்பியது வெறும் தளும்பல்தான், தன் காலை முழுசாகச் சந்தித்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. எவ்வளவு மோசம் என்பதையே மறந்துபோயிருந்தாள். ஓட்டக்காரருடையது கொதிப்பு என்றால், அவளுடையது ஒரு முறுக்கல். எலும்பைச் சுற்றி ஈரத் துணியை முறுக்கிப் பிழிவதுபோல் பிழிந்தது. இதையா அந்த மனிதர் வாங்கி வாங்கி வைத்துக்கொண்டார்? வலது கால் தன்பாட்டில் எழும்பப் பார்த்தது. அவள் இடுப்பிலிருந்து இறுக்கினாள். நாற்காலியின் கைப்பிடியை, ஊசி இல்லாத கையால், விரல் வெளுக்கும்வரை பற்றினாள்.

அசையாமல் இருப்பது என்பது சும்மா இருப்பது என்று நினைக்கிறவர்கள் ஒருநாள் இந்த நாற்காலியில் வந்து கிடக்கட்டும். அவள் செய்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை அதுதான். ஒவ்வொரு நிமிடமும் கால் ஒரு புதுக் காரணத்தோடு வந்தது. ஒரே ஒரு தடவை, பாதத்தை மட்டும், யாருக்கும் தெரியாமல். ஒரே ஒரு விரல். மாதாவே, ஒரே ஒரு விரல். அவள் மக்ரூன் கலவையை நினைத்தாள். பாதியில் விட்டால் நுரை உட்கார்ந்துவிடும், விடாதே, விடாதே. அது கொஞ்ச நேரம்தான் கேட்டது. பிறகு தட்டையாக விழுந்திருந்த போர்வையை நினைத்தாள். அது இன்னும் கொஞ்ச நேரம் கேட்டது.

பாதி நேரம் கடந்தபோது இடது கால் அவளை மீறித் துள்ளியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

வஹிதா வந்தாள். விளக்கைப் பார்த்தாள், வியர்வையில் நனைந்திருந்த ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தாள். கால்தாங்கியின் ஓரத்தில் உட்கார்ந்து, போர்வையைச் சரிசெய்கிறவள்போல் குனிந்து, இரண்டு கணுக்கால்களையும் தன் முழு பலத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அந்த அழுத்தம் எலும்புவரை இறங்கியது. முறுக்கல் போகவில்லை, ஆனால் பல்லைக் கடித்துத் தாங்கும் அளவுக்கு வந்தது.

"உனக்கு அவரத் தெரியும்லா?" என்றாள் ஜெசிந்தா, மூச்சு வாங்க.

"எனக்கு நாற்காலியில இருக்கவங்களப் பாக்கத்தான் உத்தரவு, அக்கா. நடக்கவங்களப் பாக்கச் சொல்லலை," என்றாள் வஹிதா. கையை எடுக்கவில்லை. பக்கத்து நாற்காலிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டும் அவள் எழுந்து போகவில்லை.

கடைசி நிமிடங்களில் ஜெசிந்தா வாய்விட்டு அழுதாள். அழுகையைக் கணக்கு வைக்க நாற்காலிக்கு விளக்கு கிடையாது. இயந்திரம் ஓய்ந்து நின்றது.

"வணக்கம், ஜெசிந்தா அவர்களே. உங்கள் நடைத்துணை இன்று நடந்தாரா?"

"நடந்தார்," என்றாள்.

நாற்காலி சற்று யோசித்தது. அவள் மஞ்சள் விளக்கையே பார்த்தாள்.

"பதிவு செய்யப்பட்டது. ஓர் அசைவு; அனுமதிக்கப்பட்ட அளவுக்குள். முந்தைய இரண்டு பதிவுகளும் நீக்கப்படுகின்றன. உங்கள் துணையின் நல்ல நடைக்கு எங்கள் வாழ்த்துகள்."

ஊசிகளை எடுத்து, இரத்தம் நின்று, கட்டுப் போடும்வரை வஹிதா விடவில்லை. கட்டின் கடைசி ஒட்டு விழுந்ததும் ஜெசிந்தா எழுந்துவிட்டாள். தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு வரிசையின் ஒரு கோடிக்கும் மறுகோடிக்குமாக நடந்தாள், காலை ஓங்கி ஓங்கி மிதித்து நடந்தாள். ஒவ்வொரு மிதிக்கும் முறுக்கு ஒரு இழையாகக் கழன்றது. உலகத்தில் இதைவிடப் பெரிய சுகம் ஒன்று இருக்கும் என்று அந்த நேரத்தில் யார் சொன்னாலும் அவள் நம்பியிருக்கமாட்டாள். இந்தச் சுகமும் இல்லாமல்தானே அவர் மூன்று மாதம் இருந்தார் என்று தோன்றியதும் அழுகை மறுபடி முட்டியது.

யாரையோ கூட்டிப்போகக் காத்திருந்த ஒரு பெரியவர் அவளை வியப்போடு பார்த்தார். "இப்பத்தானம்மா எந்திரிச்ச? அதுக்குள்ள யாருக்காவ நடக்க?"

"எனக்குத்தான் தாத்தா," என்றாள். "என் காலுதான்."

இனி வாரத்துக்கு மூன்று முறை இது உண்டு. வெள்ளி போனால் திங்கள், திங்கள் போனால் புதன். அடுத்த தடவை அந்த ஒரு மணி நேரத்தைத் தாண்ட முடியுமா என்று அவளுக்குத் தெரியாது. வஹிதா விடுப்பில் போனால் என்ன ஆகும் என்றும் தெரியாது. நாளைக் காலை பட்டை துடிக்கும்போது எந்தப் பக்கம் நடப்பது என்பது மட்டும் தெரியும். கடல்சுவருக்கு அந்தப் பக்கம் ஈர மணல் இருக்கிறது, செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கலாம். அவருக்கு அது தெரியப்போவதில்லை. இருந்தாலும் நடக்கலாம்.

கால் அடங்கியதும் பையை எடுக்க நாற்காலிக்குத் திரும்பினாள். வாசல்வரை போனவள் நின்று, மறுபடி வந்தாள். குனிந்து, கால்தாங்கியை மேலே மடித்து வைத்துவிட்டுப் போனாள்.